கெஞ்சினால் பச்சை

ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. கேட்பது என்று பொருள். எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்த சொல். அதற்குச் சொந்தபந்தமாக நாற்பத்தொரு சொற்கள் இருப்பதை நான்தான் உட்கார்ந்து தேடிப் பட்டியல் போட்டேன். பட்டியலோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் சேதமில்லை. டியூஷன் வாத்தியாருக்கு அந்தப் பக்குவம் ஏது? ஏணி மாதிரி வரைந்து, சுவரில் மாட்டும் படமாக அச்சடித்தேன்.

அடிப்படியில் ‘பெக்’, தரையில் விழுந்து கெஞ்சுகிறவர். அதற்கு மேல் ‘ப்ளீட்’, கைகூப்பி மன்றாடுகிறவர். அப்புறம் ‘ரெக்வெஸ்ட்’, பணிவாக வேண்டுகிறவர். நடுவில் வெறும் ‘ஆஸ்க்’. அதற்கு மேல் ‘இன்க்வயர்’, நாற்காலியில் சாய்ந்தபடி விசாரிக்கிறவர். உச்சியில் ‘டிமாண்ட்’, மேசையைக் குத்திக் கொடு என்கிறவர். படங்களும் என் கைவண்ணம். கெஞ்சுகிறவருக்கும் குத்துகிறவருக்கும் ஒரே மூஞ்சி, அதுவும் உங்கள் மூஞ்சி என்றாள் என் மனைவி மெர்சி. முந்நூறு பிரதிகளில் அறுபது விற்றது. மிச்சத்தைக் கரையான் ஆர்வமாகப் படித்தது.

விற்ற அறுபதில் ஒன்று எப்படியோ சென்னையில் ஒரு கம்பெனியின் சுவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கூப்பிட்டார்கள். போனேன். முப்பது வயதுக்காரர் ஒருவர், பெயர் நிவேதன், எனக்காக எழுந்து நின்றார். என் வாழ்க்கையில் எனக்காக எழுந்து நின்ற முதல் ஆள், வகுப்பறைக்கு வெளியே.

“திங்கட்கிழமை மனு நாள்ல ஒரு மாவட்டத்துக்கு எண்ணூறு மனு வருது சார்,” என்றார். “எல்லாமே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு முடியுது. இதுல எதை முதல்ல பார்க்கிறது? எழுத்து பொய் சொல்லும். குரல் சொல்லாது.”

அவர்கள் செய்துகொண்டிருந்த கருவிக்குச் ‘செவி’ என்று பெயர். மனுக்காரர் அதன் முன்னால் ஒரு நிமிடம் பேச வேண்டும். அது தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பும். யார் கேட்டார், எதைக் கேட்டார் என்பதை அவர் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ளும். எப்படிக் கேட்டார் என்பதைக் குரலிலிருந்து எடுக்கும். அந்த எப்படி என்பதற்குத்தான் என் ஏணி.

“உயிர் போற அவசரத்துல இருக்கிறவன் கெஞ்சுவான் சார். அவனுக்குப் பச்சைச் சீட்டு, அன்னைக்கே வேலை முடியும். பணிவா கேட்டா மஞ்சள், ஏழு வாரம். சும்மா கேட்டா வெள்ளை, வரிசைப்படி. நியாயம்தானே?”

டிமாண்ட் பண்ணுகிறவருக்கு என்ன என்று கேட்டேன்.

“சிவப்பு. அவருக்கு அவசரம் இல்ல சார், கோபம். கோபத்தைப் போலீஸ் விசாரிக்கட்டும்.”

நியாயம் என்றுதான் எனக்கும் தோன்றியது. முந்திரி பிஸ்கட் வேறு வைத்திருந்தார்கள்.

அடுத்த பதினான்கு மாதம் ஆறாவது மாடியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழ்நாடு முழுக்கப் பதிவு செய்த குரல்கள் வரும். ஒவ்வொரு குரலையும் மூன்று பேர் கேட்டு, எந்தப் படி என்று பொத்தானை அழுத்துவோம். இரண்டு பேர் ஒத்துப்போனால் செவி அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும். என் பக்கத்தில் சைதாப்பேட்டை இளஞ்சேரன். தென்கோடிக் குரல் வந்தாலே ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பான்.

“உங்க ஊர்ல பேசுறதே இப்படித்தானா சார், இல்ல இவர் சண்டைக்கு வந்திருக்காரா?”

பேசுவதே அப்படித்தான். எங்கள் பக்கம் காற்றையும் கடலையும் தாண்டித்தான் எதிராளிக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். மாட்டைக் கூப்பிடுவதும் மாப்பிள்ளையைக் கூப்பிடுவதும் ஒரே சத்தத்தில்தான். இதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினான்கு மாதமாக நான் அங்கே ‘சாப்டாச்சா’ என்று பட்டுத்துணி விரித்தது போலப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தம் இருப்பது மற்றவர்களுக்கு நினைவு வருவதை நான் விரும்பவில்லை. சொந்த ஊருக்குச் சலுகை காட்டுகிறார் என்ற பேச்சும் வந்துவிடக் கூடாது. ஆகவே டிமாண்ட் பொத்தானை அழுத்துவேன். அவர் ஊர், அவருக்குத் தெரியாதா என்று மற்ற இருவரும் அதையே அழுத்துவார்கள். மதுரைக்கு வடக்கே யாராவது கத்தினால் பாவம், என்ன கஷ்டமோ என்று ப்ளீட் போடுவேன். எங்கள் ஊர்க்காரர் தண்ணீர் கேட்டாலும் டிமாண்ட்.

பதினோராயிரம் குரல்கள் இப்படி.

செவி மாவட்டந்தோறும் வந்தபோது, பக்கத்தில் ஒரு மனிதன் இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். எனக்குத் தேரியூர் கிடைத்தது. புதிதாகப் பிரித்த கடற்கரை மாவட்டத்தின் தலைநகர், நான் பிறந்த ஊரிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். கடவுள் கொடுத்த வேலை என்றாள் மெர்சி. என் வேலை இதுதான்: சீட்டு வந்ததும் ‘சரி’ என்ற பொத்தானை அழுத்துவது. ‘தவறு’ என்று ஒரு பொத்தான் வைக்க மறந்துவிட்டார்கள். கேட்டபோது அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள்.

முதல் மாதத்திலேயே மற்ற மாவட்டங்களில் பச்சையும் மஞ்சளுமாக வர, தேரியூரில் சிவப்பாகக் கொட்டியது. பட்டா கேட்டவர், பஸ் கேட்டவர், பன்றித் தொல்லையைச் சொன்னவர், எல்லார் வீட்டுக்கும் போலீஸ் போனது. எனக்குத் தெரியும் ஏன் என்று. சொன்னால் பதினோராயிரம் பொத்தானையும் அழுத்தியது யார் என்று கேள்வி வரும். சிவப்புச் சீட்டுக்காரர்கள் என்ன செத்தா போய்விடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் சண்முகக்கனி வந்தார்.

நாற்பது வயதிருக்கும். கருவாட்டுக் கம்பெனியில் வேலை. புருஷன் இசக்கிராஜ் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மூன்று நாளைக்கு முன்னால் அதிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். உடலை இருபது நாள் வைத்திருப்போம், இவர்தான் மனைவி, உடலை அனுப்பலாம் என்று மாவட்ட அலுவலகக் கடிதம் வந்தால் அனுப்புவோம், இல்லையென்றால் அங்கேயே புதைத்துவிடுவோம் என்று அந்தத் துறைமுகக் கம்பெனி சொல்லியிருந்தது. ஒரு கடிதம். பச்சைச் சீட்டு வந்தால் பத்து நிமிடத்தில் அச்சாகிவிடும்.

கருவியின் முன்னால் நின்று பேசினார். அழவில்லை. மூன்று நாளாக அழுது முடித்துவிட்டு வந்திருந்தார்.

“எங்க வீட்டுக்காரரு ஒடம்பு அங்க ஐஸ் பெட்டியில கெடக்கு. ஒரு லெட்டர் குடுத்தா அனுப்புவாங்களாம். குடுங்க. நான் கொண்டுபோயி அடக்கம் பண்ணணும்.”

சிவப்புச் சீட்டு வந்தது. நான் சரி என்று அழுத்தினேன்.

என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். சரிபார்க்கணும், ஒரு வாரம் ஆகும் என்றேன். செத்ததைச் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் இரண்டு போலீஸ்காரர்கள் அவர் தெருவுக்குப் போய், இசக்கிராஜ் ஏதாவது சங்கத்தில் இருந்தாரா, இந்த அம்மா அடிக்கடி சத்தம் போடுவாரா என்று விசாரித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். போடுவாள், நாங்களும் போடுவோம்.

அலுவலகத்துக்கு வெளியே வாதாம் மரத்தடியில் பலவேசம் அண்ணாச்சி இருந்தார். முப்பது வருஷமாக டைப்ரைட்டர் வைத்து மனு எழுதிக் கொடுத்தவர். செவி வந்ததும் பிழைப்பு போயிற்று. ஒரு மாதம் சும்மா உட்கார்ந்து, உள்ளே போகிறவர் எப்படிப் பேசினார், என்ன நிறச் சீட்டோடு வெளியே வந்தார் என்று நோட்டில் குறித்தார். பிறகு டைப்ரைட்டரை விற்றுவிட்டு இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டு, ‘குரல் மனுப் பயிற்சி’ என்று போர்டு வைத்துவிட்டார். எங்கள் கம்பெனி பல வருஷம் செலவழித்துக் கண்டுபிடித்ததை அவர் நாற்பது பக்க நோட்டில் முடித்திருந்தார். அதில் ஒரு வரி: நம்ம ஊர் பேச்சைப் பேசினால் சிவப்பு.

விதிப்படி நான் மனுக்காரரோடு வெளியே பேசக் கூடாது. பேசினேன். வியாழக்கிழமை சண்முகக்கனியை வரச்சொல்லி, அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கூலி வேண்டாம் என்றார். மூச்சைப் பாதியில் முறிக்க வேண்டும், கடைசிச் சொல்லை விழுங்க வேண்டும், ‘ஐயா’ மூன்று வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சண்முகக்கனி ஒரு தடவை செய்துபார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“நான் என்ன அவங்க வீட்டு ஒடம்பையா கேக்கேன்? எங்க வீட்டு ஒடம்பத்தான கேக்கேன். அதுக்கு எதுக்கு அண்ணாச்சி கெஞ்சணும்?”

“பச்சைச் சீட்டுக்குத் தாயி.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வாதாம் இலையைப் பார்த்தேன். ஆனாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் கருவாட்டுக் கம்பெனி வேலை முடிந்து அதே நாற்றத்தோடு வந்து பயிற்சி எடுத்தார். நன்றாகவே வந்துவிட்டது. சனிக்கிழமை அவர் பேசியதைக் கேட்டு, பட்டா கேட்க வந்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டாவது திங்கட்கிழமை. இன்னும் பத்து நாள் இருந்தது. செவியின் முன்னால் நின்று, ஐயா என்று ஆரம்பித்தார். மூச்சு முறிய வேண்டிய இடத்தில் முறிந்தது. இரண்டாவது ஐயா சொன்னார். அடுத்தது புருஷன் பெயர். அந்தப் பெயரை அந்தக் குரலில் அவரால் சொல்ல முடியவில்லை. நின்றுவிட்டார். பிறகு வீட்டு வாசலில் நின்று அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலிலேயே சொன்னார்.

“இசக்கிராஜ் பொண்டாட்டி வந்திருக்கேன். அவியள அனுப்புங்க.”

சிவப்பு. இரண்டாவது சிவப்பு வந்தால் இருபத்தெட்டு நாள் செவியின் முன்னால் நிற்க முடியாது. அதற்கு ‘ஆறுதல் காலம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாவட்ட ஆட்சியர் நல்ல மனுஷி. அவரிடம் ஓடினேன். பச்சைச் சீட்டு இல்லாமல் அச்சு இயந்திரமே திறக்காது, கையால் எழுதிய கடிதத்தை எந்த நாடும் ஏற்காது என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் நிவேதனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினோராயிரம் குரலை நான் வெட்கத்தில் தப்பாகப் போட்டது, அதனால் ஒரு மாவட்டமே சண்டைக்காரர்களாகப் பதிவானது, ஒரு பெண்ணின் புருஷன் ஒன்பது நாளில் பாலைவனத்தில் புதைக்கப்படப் போவது. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் கையால் மாற்றிக்கொடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“புரியுது சார். ஆனா நம்ம கம்பெனி ஆளுங்க கோரிக்கையும் இப்ப செவி வழியாத்தான் போகுது. எந்த வெர்ப் வருதோ அதுக்குத் தக்கபடி செய்வாங்க. நீங்க ஆழமா பேசுனீங்க. கண்டிப்பா நல்லா வரும்.”

சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. இன்க்வயர். விசாரித்தார், தகவலுக்கு நன்றி, நடவடிக்கை தேவையில்லை.

நாற்காலியில் சாய்ந்தபடி விசாரிக்கிறவர். வரைந்தவன் நான், மூஞ்சியும் என்னுடையது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உண்மையிலேயே கெஞ்சியிருந்தேன், அது யாருக்கும் கேட்கவில்லை. சரி, டிமாண்டாவது பண்ணுவோம், போலீசாவது வரட்டும், வந்தால் கோப்பில் ஏறும் என்று குளியலறைக்குள் போய்க் கத்திப் பழகினேன். என் ஊர்க் குரல் வரவில்லை. தொண்டையில் பட்டுத்துணிதான் கிடந்தது. மெர்சி கதவைத் தட்டி, தண்ணீர் வரலையா என்று கேட்டாள். இரண்டாவது தடவை நிவேதனைக் கூப்பிட்டபோதும் இன்க்வயர்தான் வந்தது. மூன்றாவது தடவை ஒரு படி இறங்கி ஆஸ்க்.

மூன்றாவது திங்கட்கிழமை சண்முகக்கனி வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். வாசல் கேமரா அவர் முகத்தைப் பார்த்ததும் கதவு திறக்க மறுத்தது. மாலை வரை நின்றார். வெள்ளிக்கிழமை அவர் செல்போனுக்குத் துறைமுகக் கம்பெனியிலிருந்து இரண்டு வரிச் செய்தி வந்தது. காலையிலேயே புதைத்துவிட்டார்களாம்.

ஆறுதல் காலம் முடிந்த அன்றைக்கு வந்தார். இளைத்திருந்தார். இந்தத் தடவை கடிதம் கேட்க ஒன்றுமில்லை. செவியின் முன்னால் போய் நின்றார். பேசுங்கள் என்று கருவி இரண்டு தடவை சொல்லிவிட்டது.

“எங்க பொதச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்கய்யா,” என்றார். “ஒரு போட்டோவாவது…”

மூச்சு பாதியில் முறிந்தது. கடைசிச் சொல் வரவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற குரல் இல்லை அது. பதினான்கு மாதம் கேட்ட குரல்களில் ஒன்றுகூட அப்படி இல்லை. செவி இந்தத் தடவை சரியாகக் கேட்டது.

பச்சை.

நாற்பது நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. மயானத்தின் பெயர், வரிசை எண், குழி எண், வெயிலில் எடுத்த ஒரு படம். அவ்வளவு வேகம். படத்தில் மணலும் ஒரு தகரத் தகடும் இருந்தன. தகட்டில் எண். சண்முகக்கனி அதை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். நான் சரி என்று அழுத்தினேன்.

நிவேதன் அன்றைக்கே கூப்பிட்டார். குரலில் சந்தோஷம். செவி தொடங்கிய நாளிலிருந்து பதிவானதிலேயே மிகத் தூய்மையான பெக் இது, இனி இதைத்தான் அளவுகோலாக வைக்கப்போகிறோம், தேரியூரிலிருந்து கிடைத்தது உங்களுக்குப் பெருமை என்றார். நன்றி என்றேன். அது எந்தப் படியில் பதிவாயிற்றோ தெரியாது.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளால் உலகத்துக்கு என்ன ஆகிறது என்று தெரிந்தும் செய்தேன். அளவுகோல் அந்தக் குரல் என்றால், அந்தக் குரலை நெருங்குகிறவர்களுக்குப் பச்சை கிடைக்கும். செத்தவர் செத்துவிட்டார், இருக்கிறவர்களாவது பிழைக்கட்டும் என்று அந்தப் பதிவைப் பலவேசம் அண்ணாச்சியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு பாடத்திட்டத்தை மாற்றினார்.

ஒரு மாதத்தில் தேரியூரில் பச்சைச் சீட்டு வர ஆரம்பித்தது.

சண்முகக்கனி மறுபடி வந்தது ரேஷன் கார்டில் புருஷன் பெயரை நீக்க. அதற்குச் செவி வேண்டாம், பக்கத்து ஜன்னல். நான் டீ குடிக்க வெளியே வந்த நேரம் அவர் வாதாம் மரத்தருகே நின்றிருந்தார். பெஞ்சில் பன்னிரண்டு பேர். அண்ணாச்சி கையைத் தூக்கியதும் எல்லோரும் சொன்னார்கள். எங்க பட்டான்னு மட்டும் சொல்லுங்கய்யா. எங்க பைப்புன்னு மட்டும் சொல்லுங்கய்யா. ஒரு கரண்டு கம்பமாவது. மூச்சு ஒரே இடத்தில் முறிந்தது. பன்னிரண்டு தொண்டையிலும் அவர் குரல்.

ஓடிப்போய் டீக்கடைக்குள் ஒளியலாம் என்று பார்த்தேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

“இது நான் பேசுனதுல்லா?”

ஆமாம் என்றேன். நான்தான் கொடுத்தேன் என்றேன். அதோடு நிற்காமல் ஆறாவது மாடியையும் பதினோராயிரத்தையும் சொன்னேன். முதல் நாளே அவருக்குச் சிவப்பு வந்தது என் விரலால்தான் என்றும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல யாருக்காச்சும் கெடச்சுதா சார்?”

கிடைத்தது, முப்பது பேருக்கு மேல், ஒரு உடம்புகூட வந்து சேர்ந்தது என்றேன். தலையை ஆட்டினார்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு இளம்பெண் மட்டும் தடுமாறிக்கொண்டிருந்தாள். பெயர் பேச்சித்தாய். அவள் தம்பி ஏதோ படகுத் தகராறில் வெளிநாட்டு ஜெயிலில் இருந்தான். வக்கீல் வைக்க இங்கிருந்து கடிதம் போக வேண்டும். இரண்டு வாரமாகப் பயிற்சி எடுத்தும் மஞ்சளைத் தாண்டவில்லை. அண்ணாச்சி சலித்துப்போயிருந்தார். அழு தாயி, நல்லா அழு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சண்முகக்கனி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேஷன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

“அழாத. அழுதா அந்தக் கொரல் வராது. அவன் இனிமே வரமாட்டான்னு நல்லா மனசுல வச்சுக்கோ. வச்சுக்கிட்டு கேளு.”

பேச்சித்தாய் கண்ணை மூடினாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். வாய் இரண்டு தடவை திறந்தது. பிறகு கண்ணைத் திறந்து, ஏதோ தப்புச் செய்தவள் போல அவரைப் பார்த்தாள்.

“அவன் உசுரோட இருக்கானேக்கா.”

சண்முகக்கனி அவள் கையைத் திருப்பி அவள் மடியிலேயே வைத்தார்.

“அப்ப ஒனக்கு வராதும்மா,” என்றார். எழுந்து ரேஷன் ஜன்னல் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.